கடலுக்கு அடியில் இரைச்சல்: திமிங்கலத்துக்குத் தொல்லை, நீர்மூழ்கிக்கு ஆபத்து... நம்ம ஊர் வெப்பக் கடலில் இதைக் குறைப்பது ஏன் சிக்கல்?

2016 ஜனவரி. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கடற்கரை. ஒரே நாளில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. பார்ப்பதற்குப் பெரிய டால்ஃபின் மாதிரி இருக்கும் பைலட் வகைத் திமிங்கலங்கள் அவை. மீனவர்கள் ராத்திரி பகலாக அவற்றைத் தள்ளியும் இழுத்தும் கடலுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. பாதிக்கும் மேல் செத்துப்போயின.

அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி: "ஏன் இப்படி வருகின்றன?" கூட்டத் தலைவன் வழி தவறியது, நோய், நிலநடுக்கம், கப்பல் சத்தம், சோனார் என்று பல பதில்கள் வந்தன. எதுவும் நிரூபிக்கப்படவில்லை. 1973 ஜனவரியிலும் இதே கடற்கரைப் பகுதியில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன. அப்போது இன்றைக்கு இருக்கும் அளவுக்குக் கப்பல் போக்குவரத்து கிடையாது. அதனால் 'சத்தம்தான் காரணம்' என்று மணப்பாட்டைக் கைகாட்டிச் சொல்லிவிட முடியாது.

ஆனால் 'சத்தம் காரணமே இல்லை' என்றும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நாட்களில் அந்தக் கடலுக்குள் என்ன சத்தம் கேட்டது என்ற பதிவு கையில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் பேசப்போகும் விஷயத்தின் மையமே அதுதான்.

தண்ணீருக்குள் சத்தம் எப்படிப் போகும்?

கடலுக்குள் வெளிச்சம் சுமார் 200 மீட்டர் ஆழத்தைத் தாண்டினாலே கிட்டத்தட்ட இருட்டு. கண் உதவாது. ஆனால் காது உதவும். காற்றில் ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். கடல் நீரில் சுமார் 1,500 மீட்டர். நாலு மடங்குக்கும் அதிக வேகம். அதோடு, காற்றைவிட ரொம்ப தூரம் தேயாமல் போகும்.

எவ்வளவு தூரம்? 1960-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அருகே கடலுக்குள் வெடி வெடித்தார்கள். உலகத்தின் மறுபக்கத்தில், சுமார் 20,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பெர்முடா தீவில் அந்தச் சத்தம் பதிவானது. போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரம் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். விமானத்தில் போனாலும் அவ்வளவு சீக்கிரம் போக முடியாது.

அதனால்தான் கடல் உயிரினங்கள் பெரும்பாலும் காதை நம்பி வாழ்கின்றன. நீலத் திமிங்கலம் எழுப்பும் ஒலியின் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அடித்தொண்டையில் முனகுவது போல, சில நேரம் மனிதக் காதுக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்த ஒலி. நம்ம மார்க்கெட்டில் விற்கும் கத்தாளை மீன்கூட வயிற்றுக்குள் இருக்கும் நெட்டியை (காற்றுப் பையை) தசையால் அதிரவைத்துச் சத்தம் போடும். மலேசியாவின் திரங்கானு கடற்கரையில் 'ஜூரு செலாம்' என்று ஒரு பாரம்பரியத் தொழில் உண்டு. தண்ணீருக்குள் தலையை விட்டு, காதால் கேட்டே மீன் கூட்டம் எங்கே, என்ன மீன் என்று சொல்பவர்கள் இவர்கள். பக்கத்தில் ஒரு மோட்டார் படகு ஓடினால் அந்த வேலை நடக்காது.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'கப்பல் சத்தம் 180 டெசிபல்' என்று செய்திகளில் பார்த்தால் ஜெட் விமானத்தோடு ஒப்பிட்டுப் பயந்துவிட வேண்டாம். தண்ணீரில் டெசிபலை அளக்கும் அடிப்படை வேறு, காற்றில் வேறு. தோராயமாக ஒப்பிட தண்ணீர் எண்ணிலிருந்து 62-ஐக் கழிக்க வேண்டும். அப்படிக் கழித்தாலும் பெரிய கன்டெய்னர் கப்பலின் சத்தம் சாதாரணமானது இல்லை.

கப்பலில் இருந்து சத்தம் எங்கே வருகிறது?

இன்ஜின் சத்தம்தானே என்று தோன்றும். அது பாதிதான். பெரிய கப்பல்களில் முக்கியக் குற்றவாளி புரொப்பல்லர்.

புரொப்பல்லர் வேகமாகச் சுற்றும்போது அதன் இலைகளின் ஒரு பக்கத்தில் அழுத்தம் பலமாகக் குறைகிறது. அந்த இடத்தில் தண்ணீர் சூடே இல்லாமல் 'கொதித்து' குமிழிகளாகிறது. அடுத்த நொடியே அந்தக் குமிழிகள் அமுங்கி உடைகின்றன. லட்சக்கணக்கான குமிழிகள் இப்படி உடையும் சத்தம்தான் கப்பல் போகும் இடமெல்லாம் கேட்கும் இரைச்சல். இதை 'கேவிட்டேஷன்' என்கிறார்கள். சத்தம் மட்டுமல்ல, புரொப்பல்லரின் உலோகத்தையே இது அரித்துக் குழியாக்கிவிடும்.

இதே வேலையை ஒரு இறாலும் செய்கிறது என்றால் நம்புவீர்களா? வெப்பக் கடல்களின் ஆழம் குறைந்த பகுதிகளில், பாறைகளிலும் பவளத் திட்டுகளிலும் விரல் நீளம்கூட இல்லாத ஒரு வகை இறால் வாழ்கிறது. அதன் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். அதைப் படீரென்று மூடும்போது நீர் பீய்ச்சி ஒரு குமிழி உருவாகி உடைகிறது. 'டப்' என்ற அந்தச் சத்தம் கொடுக்கு மோதுவதால் வருவது இல்லை, குமிழி உடைவதால் வருவது என்று 2000-ல்தான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்து சொடுக்கினால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது மாதிரி இருக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கிகள் எதிரியின் காதில் இருந்து தப்ப இந்த இறால் இரைச்சலைத் திரையாகப் பயன்படுத்தின.

ஆனால் ஒரு வித்தியாசம். இறாலின் சத்தம் உச்சஸ்தாயி, சீக்கிரம் தேய்ந்துவிடும். கப்பலின் சத்தம் பெரும்பாலும் தாழ்ந்த ஒலி. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். நீலத் திமிங்கலம் பேசும் அதே அலைவரிசை.

வெப்பமண்டலக் கடல் ஏன் தனி?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒலி தண்ணீரில் நேர்கோட்டில் போகாது. வெப்பம், உப்பு, அழுத்தம் மாறும்போது வளையும். எப்போதும் வேகம் குறைவான பக்கமாக வளையும்.

நம்ம பக்கக் கடலில் மேல்மட்டம் வருஷம் முழுக்கச் சூடு. கீழே போகப் போகச் சட்டென்று குளிர்ந்துவிடும். சூடான நீரில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்த நீரில் மெதுவாக. அதனால் மேல்மட்டத்தில் எழும் ஒலி கீழ் நோக்கி வளைந்துவிடுகிறது. சில கிலோமீட்டருக்கு அப்பால், மேலடுக்கில் ஒலியே போகாத 'நிழல் பகுதி' ஒன்று உருவாகிறது. அங்கே ஒரு நீர்மூழ்கி ஒளிந்திருந்தால் மேலே போகும் கப்பலின் சோனாருக்குத் தெரியாது.

இதை முதலில் அனுபவித்துத் தெரிந்துகொண்டது அமெரிக்கக் கடற்படை. 1930-களில் கியூபாவின் குவாண்டனாமோ பக்கம் சோனார் சோதனை நடந்தது. காலையில் நன்றாக வேலை செய்த கருவி மதியத்துக்குப் பிறகு சொதப்பியது. ஆபரேட்டர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்களோ என்றுகூடச் சந்தேகம் வந்ததாம். கடைசியில் காரணம் சூரியன். காலையில் இருந்து காய்ந்த வெயிலில் மேல் நீர் சூடாகி ஒலியைக் கீழே வளைத்துவிட்டது. இன்றும் இதன் பெயர் 'ஆஃப்டர்நூன் எஃபெக்ட்'.

வங்காள விரிகுடாவில் கதை இன்னும் சிக்கல். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மழைக்காலத்தில் மேலே உப்புக் குறைந்த ஓர் அடுக்கு மிதக்கும். அரபிக் கடலில் நேர்மாறாக ஆவியாதல் அதிகம், உப்பு அதிகம். ஒரே நாட்டின் இரண்டு பக்கத்துக் கடலிலும் ஒலி ஒரே மாதிரி போகாது. தென்மேற்குப் பருவத்தில் ஒரு மாதிரி, வடகிழக்குப் பருவத்தில் வேறு மாதிரி. மழைத்துளி விழும் சத்தமே கடலுக்குள் தனி இரைச்சல்!

ஆழக் கடலிலும் வித்தியாசம் உண்டு. ஒலி மிக மெதுவாகப் போகும் ஆழம் ஒன்று இருக்கிறது. அதற்குள் மாட்டிய ஒலி குழாய்க்குள் போவது மாதிரி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். பெர்த் வெடிச் சத்தம் போனது அதன் வழியாகத்தான். துருவக் கடல்களில் இந்தப் பாதை மேற்பரப்புக்கு அருகிலேயே இருக்கிறது. வெப்பமண்டலத்தில் ஆயிரம் மீட்டர், அதற்கும் கீழே. அதனால் நடுக்கடலில் போகும் கப்பலின் சத்தம் அதற்குள் எளிதில் புகாது. ஆனால் கண்டத்திட்டு சரியும் இடத்துக்கு மேலே கப்பல் போனால், சரிவில் பட்டுப் பட்டுச் சத்தம் கீழே இறங்கி அந்தக் குழாய்க்குள் போய்விடும்.

ஆகவே வட அட்லாண்டிக்கில், குளிர்ந்த கடலில் அளந்து எழுதிய கணக்கை அப்படியே எடுத்து வங்காள விரிகுடாவில் போட்டால் விடை தப்பாகத்தான் வரும். சத்தம் பற்றிய ஆய்வில் பெரும்பகுதி நடந்தது அமெரிக்கா, கனடா, ஐரோப்பா பக்கம். கலிபோர்னியா கடற்கரையில் 1960-களுக்குப் பிறகு நாற்பது ஆண்டில் தாழ்ந்த அலைவரிசை இரைச்சல் பத்தாண்டுக்கு சுமார் 3 டெசிபல் வீதம் ஏறியது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். 3 டெசிபல் என்றால் ஒலி ஆற்றல் இரு மடங்கு. நம்ம பக்கத்தில் அவ்வளவு நீண்ட பொதுப் பதிவு கிடைப்பது அபூர்வம்.

இலங்கைக்குத் தெற்கே என்ன பிரச்சினை?

இந்தியப் பெருங்கடலில் இந்தச் சிக்கல் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் இலங்கையின் தென்முனை, தேவேந்திரமுனை கடலைப் பார்க்க வேண்டும்.

சூயஸ் கால்வாய், வளைகுடா நாடுகள் பக்கம் இருந்து மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்கள் எல்லாம் இந்த முனையைச் சுற்றித்தான் போகின்றன. உலகத்தின் பரபரப்பான கடல் பாதைகளில் ஒன்று. அதே இடத்தில் கண்டத்திட்டு ரொம்பக் குறுகல். கரையில் இருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழ்கடல். அங்கே இரை அதிகம், அதனால் நீலத் திமிங்கலங்களும் அதிகம். மிரிஸ்ஸவில் இருந்து படகு ஏறினால் சுற்றுலாப் பயணிகளே பார்க்கலாம்.

மற்ற பல இடத்து நீலத் திமிங்கலங்கள் உணவுக்காகத் துருவக் கடல் வரை போய் வரும். இவை போவதில்லை. வருஷம் முழுக்க வட இந்தியப் பெருங்கடலிலேயே இருக்கின்றன. இலங்கையைச் சேர்ந்த கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் பல ஆண்டுகளாக இவற்றை ஆராய்ந்து, உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர். போக வேறு இடம் இல்லாத உயிருக்கு, வீட்டு வாசலிலேயே நெடுஞ்சாலை என்றால் எப்படி இருக்கும்?

இங்கே முதல் ஆபத்து மோதல். கப்பல் முகப்பில் திமிங்கலத்தின் உடல் சிக்கிக்கொண்டு துறைமுகம் வரை வந்த சம்பவங்கள் உண்டு. இரண்டாவது ஆபத்து இந்த இரைச்சல். இரண்டுக்கும் தொடர்பும் உண்டு. நாலாபக்கமும் கப்பல் சத்தம் நிறைந்திருக்கும்போது, எந்தக் கப்பல் தன்னை நோக்கி வருகிறது என்று பிரித்தறிவது கடினம்.

கப்பல் பாதையைத் தெற்கே சுமார் 15 கடல் மைல் தள்ளினால் மோதல் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமான எம்எஸ்சி 2022-ல் தன் கப்பல்களைத் தானாக முன்வந்து தெற்கே தள்ளி ஓட்டப்போவதாக அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மற்ற நிறுவனங்களின் கப்பல்களுக்கு அதிகாரப்பூர்வப் பாதை பழையதே. அதை மாற்ற இலங்கை அரசு, கப்பல் போக்குவரத்துக்கான ஐ.நா. அமைப்பான ஐஎம்ஓ-விடம் முன்மொழிய வேண்டும். கப்பல்கள் தள்ளிப் போனால் துறைமுக வியாபாரம் குறையுமோ என்ற கவலை ஒரு பக்கம். பாதையின் குறுக்கே வலை போடும் மீன்பிடிப் படகுகளுக்கும் தள்ளிப் போவது பாதுகாப்பு என்பது மறுபக்கம்.

கேரளாவில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டது. சர்வதேசக் கப்பல் பாதைக்கு மிக அருகில் இருப்பதே அதன் பலம். அந்தப் பாதையின் கிழக்கு நீட்சிதான் தேவேந்திரமுனை.

நீர்மூழ்கிக்கு ஏன் சத்தம் என்றால் பயம்?

திமிங்கலத்துக்குச் சத்தம் தொல்லை. நீர்மூழ்கிக்குச் சத்தம் மரணம். எதிரி கண்டுபிடிப்பது பெரும்பாலும் காதால்தான்.

அதனால் நீர்மூழ்கிக்குள் இன்ஜினை நேராக உடலில் பூட்டுவதில்லை. ரப்பர் மெத்தைகள் மேல் மிதக்கும் ஒரு தட்டில் வைக்கிறார்கள். வெளியே ரப்பர் ஓடுகளை ஒட்டி எதிரியின் சோனார் அலையை உறிஞ்ச வைக்கிறார்கள். புரொப்பல்லர் இலைகளை அரிவாள் மாதிரி வளைத்து, குமிழி உருவாவதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கே குமிழி சீக்கிரம் உருவாகாது. ஆழமாகப் போனால் கொஞ்சம் வேகமாகவும் போகலாம். டீசல் நீர்மூழ்கி பேட்டரியில் ஓடும்போது மிக அமைதி. பேட்டரியை சார்ஜ் செய்ய மேலே வந்து டீசலை ஓட்டும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

இந்தப் புரொப்பல்லர் ரகசியம் எவ்வளவு பெரிது தெரியுமா? 1980-களில் ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம், புரொப்பல்லர்களை நுட்பமாகக் கடைந்தெடுக்கும் இயந்திரங்களைத் தடையை மீறி சோவியத் யூனியனுக்கு விற்றது 1987-ல் அம்பலமானது. சோவியத் நீர்மூழ்கிகள் இதனால் அமைதியாகிவிட்டன என்று கொதித்த அமெரிக்க எம்.பி.க்கள், நாடாளுமன்றத்துக்கு வெளியே தோஷிபா ரேடியோவைச் சுத்தியலால் உடைத்தார்கள்.

நமக்கும் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அருகே அரபிக் கடலில் ஐஎன்எஸ் குக்ரி கப்பலை பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலோடு மூழ்கினார். நீர்மூழ்கி நடமாடும் பகுதியில் அந்தக் கப்பல் ஏன் மெதுவாகப் போனது? மேம்படுத்தப்பட்ட சோனாரைச் சோதித்துக்கொண்டிருந்ததால் வேகத்தைக் குறைத்திருந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். வேகம் கூடினால் கப்பலின் சொந்தச் சத்தமே அதன் காதை அடைத்துவிடும். அதாவது ஒரு கப்பல் எழுப்பும் சத்தம் எதிரிக்கு மட்டும் கேட்பதில்லை, தன்னையும் செவிடாக்குகிறது.

கொச்சியில் இருக்கும் டிஆர்டிஓ-வின் என்பிஓஎல் ஆய்வகம் இந்தியக் கடற்படைக்கு சோனார் செய்கிறது. 2024 ஏப்ரலில் கேரளாவின் இடுக்கி மாவட்டம் குளமாவு நீர்த்தேக்கத்தில் சோனார்களைச் சோதிக்க ஒரு மிதக்கும் மேடை திறக்கப்பட்டது. மலைக்கு மேல் இருக்கும் அணையில் கடற்படைக் கருவியா என்று கேட்கலாம். காரணம் எளிது: கப்பல் போகாத, ஆழமான, அமைதியான தண்ணீர் வேண்டும். சென்னை அருகே காட்டுப்பள்ளியில் கட்டப்பட்டு 2025 ஜூனில் படையில் சேர்ந்த ஐஎன்எஸ் அர்ணாலா, ஆழம் குறைந்த கரையோரக் கடலில் நீர்மூழ்கியைத் தேடும் கப்பல். இறாலும் மீன்பிடிப் படகும் மழையும் சேர்ந்து சத்தம் போடும் இடத்தில் ஒரு சின்ன முனகலைப் பிரித்தெடுப்பதுதான் அதற்கு வேலை.

சோனார் திமிங்கலத்தைக் கொல்லுமா?

சில வகைகளை, சில சூழலில், ஆம். 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 திமிங்கலங்களும் டால்ஃபின்களும் கரை ஒதுங்கின. பெரும்பாலானவை ஆழத்தில் மூழ்கி இரை தேடும் 'அலகுத் திமிங்கலங்கள்'. அப்போது அருகே பயிற்சியில் இருந்த அமெரிக்கப் போர்க்கப்பல்களின் சோனார்தான் காரணமாக இருக்கும் என்று அமெரிக்கக் கடற்படையும் அந்நாட்டின் கடல் வள அமைப்பும் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட அறிக்கையே ஒப்புக்கொண்டது. 2002-ல் ஸ்பெயினின் கேனரி தீவுகளிலும் கடற்படைப் பயிற்சியின்போது 14 ஒதுங்கின. 2004-ல் அந்தத் தீவுகளைச் சுற்றி இந்த வகை சோனாருக்கு ஸ்பெயின் தடை போட்டது. அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கூட்டமான மரணம் அங்கே நின்றுபோனது.

கப்பல் சத்தம் இப்படி உடனே கொல்வதில்லை. அது தினசரித் தொல்லை. இதை அளக்க ஒரு சோகமான வாய்ப்பு கிடைத்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. சத்தம் 6 டெசிபல் இறங்கியது. அந்த நாட்களில் சேகரித்த திமிங்கலச் சாணத்தில் மன அழுத்த ஹார்மோன் குறைவாக இருந்தது. பத்து வருஷம் கழித்து, 2012-ல்தான் இந்த ஆய்வு முடிவு வெளியானது.

சரி, குறைக்க என்ன வழி?

முதல் வழி ரொம்ப எளிது: மெதுவாகப் போவது. உலகக் கப்பல்கள் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் கடலுக்குள் போகும் ஒலி ஆற்றல் சுமார் 40 சதவீதம் குறையும் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. எரிபொருளும் மிச்சம், மோதலும் குறையும். இதில் ஒரு சின்ன விதிவிலக்கு: இலைகளின் கோணத்தை மாற்றும் வகைப் புரொப்பல்லர் உள்ள கப்பல்களில், சுழற்சியைக் குறைக்காமல் கோணத்தை மட்டும் மாற்றி மெதுவாகப் போனால் சத்தம் கூடவும் செய்யலாம். 'எல்லாரும் மெதுவாப் போங்க' என்று ஒரே உத்தரவு போட்டால் போதாது.

இரண்டாவது, சுத்தம். வெப்பக் கடலில் கப்பலின் அடியிலும் புரொப்பல்லரிலும் பாசியும் சிப்பியும் வேகமாக ஒட்டும். சொரசொரப்பான புரொப்பல்லர் சீக்கிரம் குமிழி கிளப்பும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது சத்தத்தையும் டீசல் செலவையும் சேர்த்துக் குறைக்கும். நம்ம பக்கக் கப்பல்களுக்கு உடனே பலன் தரக்கூடியது இதுதான் என்பது என் கணிப்பு. பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை.

மூன்றாவது, கப்பலைக் கட்டும்போதே யோசிப்பது. புரொப்பல்லருக்குப் போகும் நீரோட்டம் சீராக இருக்கும்படி பின்புறத்தை வடிவமைப்பது, இன்ஜினை அதிர்வு தாங்கிகள் மேல் வைப்பது. இங்கே கப்பல் முதலாளிகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எரிபொருளை மிச்சப்படுத்தும் மிகச் சிறந்த புரொப்பல்லர் கொஞ்சம் குமிழி கிளப்பத்தான் செய்யும். முழு அமைதி வேண்டுமென்றால் செயல்திறனை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கலாம். போர்க்கப்பல் அந்த விலையைக் கொடுக்கும். சரக்குக் கப்பலுக்கு யார் கொடுப்பது?

கனடாவின் வான்கூவர் துறைமுகம் ஒரு பதில் சொன்னது. அமைதியான கப்பலுக்குத் துறைமுகக் கட்டணத்தில் தள்ளுபடி. 2017 முதல் இது நடக்கிறது. அங்கே ஓர்கா திமிங்கலங்கள் வாழும் ஹாரோ நீரிணையில் கப்பல்கள் தாமாக வேகம் குறைக்கும் திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது. கட்டாயம் இல்லை. ஆனாலும் பெரும்பாலான கப்பல்கள் ஒத்துழைக்கின்றன.

உலக அளவில் சட்டம்? ஐஎம்ஓ 2014-ல் கப்பல் சத்தத்துக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2023-ல் அதைத் திருத்தி, ஒவ்வொரு கப்பலுக்கும் சத்த மேலாண்மைத் திட்டம் இருக்கலாம் என்று சேர்த்தார்கள். 'இருக்கலாம்'தான். இதுவும் கட்டாயம் இல்லை. நாடுகள் நடைமுறையில் பயன்படுத்திப் பார்த்து அனுபவத்தைச் சொல்ல ஒரு கால அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் 2022-ல் தன் கடல்களுக்கு எண்ணிக்கையிலேயே ஒரு வரம்பு வைத்தது.

அளப்பது யார்? அங்கேதான் முட்டுக்கட்டை

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் மிகச் சிறந்த பொதுக் காதுகளில் ஒன்று டியேகோ கார்சியா தீவில் இருக்கிறது. அணுகுண்டு சோதனையை ஒட்டுக்கேட்க, அணுச் சோதனைத் தடை உடன்பாட்டு அமைப்பு தண்ணீருக்குள் மைக்குகளை வைத்திருக்கிறது. அந்தப் பதிவுகளைத் தோண்டிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு நீலத் திமிங்கலக் கூட்டத்தின் பாட்டை 2021-ல் கண்டுபிடித்தார்கள். அத்தனை பெரிய உயிர், பல்லாண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது. கண்ணில் படவில்லை, காதில்தான் பட்டது!

இப்படிக் கரையோரம் முழுக்க மைக் வைத்தால் என்ன? கடற்படை தயங்கும். காரணம் புரியக்கூடியது. திமிங்கலத்தைக் கேட்கும் மைக் நீர்மூழ்கியையும் கேட்கும். ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் ஒரு சத்தக் கையெழுத்து உண்டு. அது வெளியே போனால் எதிரிக்கு விருந்து.

ஆனால் இதற்கும் வழி இருக்கிறது. கனடாவின் பசிபிக் கரையில் கடலடியில் நிரந்தர மைக்குகள் இருக்கின்றன. பதிவு முதலில் கடற்படையின் வடிகட்டலுக்குப் போகும். ரகசியமானது இருந்தால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, மீதி ஆராய்ச்சியாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் வரும். சென்னை, தூத்துக்குடி, கொச்சி, கொழும்புக்கு வெளியே இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால், அடுத்த முறை ஒரு கடற்கரையில் திமிங்கலங்கள் ஒதுங்கும்போது முந்தைய 48 மணி நேரப் பதிவை எடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டருக்கு 2022-ல் அறிவிக்கப்பட்ட கடல்பசு காப்பகத்திலும் இது உதவும். கடல்பசுவும் கீச்சிட்டுத்தான் பேசும்.

பிளாஸ்டிக்கைக் கடலில் போட்டால் நூற்றாண்டுகள் கிடக்கும். எண்ணெய் கொட்டினால் வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். சத்தம் அப்படி இல்லை. இன்ஜினை நிறுத்திய சில நிமிடத்தில் அந்த இடம் அமைதியாகிவிடும். மிரிஸ்ஸவில் திமிங்கலம் பார்க்கப் போகும் படகுக்காரர்கள் கிட்டே நெருங்கியதும் இன்ஜினை நியூட்ரலில் போடுவது இந்தக் காரணத்துக்காகவும்தான். போடாத படகும் உண்டு. அடுத்த முறை போனால் கேட்டு நிறுத்தச் சொல்லலாம்.